தொடுபொருளா, பைப்பொருளா?

திருகோணமலைப் பெடியள் கேமில் கண்ணில் படுகிற எதையும் ‘பவர்’ என்று சொல்லிவிடுவார்கள். ‘டேய், பவரை எடு’ என்றால் ஓடிப்போய்த் தொடவேணுமா, பையைத் திறந்து அழுத்தவேணுமா? சண்டை நடுவில் இந்தக் குழப்பம் உயிரை வாங்கும்.

கோணேசர் கோயிலில் விபூதி கைக்கு வந்ததும் நெற்றிக்குப் போகும். பொங்கல் பொட்டலம் வீட்டுக்கு வரும். கேமிலும் அப்படித்தான். தொட்டவுடன் தீர்வதைத் தொடுபொருள் என்றும், வைத்திருந்து பாவிப்பதைப் பைப்பொருள் என்றும் பிரித்தால் போதும். ‘உடனடி’ என்ற சொல்லைப் பலன் எப்படி ஏறுகிறது என்பதற்கு மட்டும் வைப்போம்.

1980இல் வந்த பாக்மேன் கேமின் 4 பெரிய உருண்டைகள் தூய தொடுபொருள், தொட்டால் கொஞ்ச நேரம் துரத்தும் பேய்களையே தின்னலாம். சேமிக்க வழியில்லை, பேய்கள் கிட்ட வரும்வரை தொடாமல் நிற்பதுதான் திறமை. 1993இல் வந்த டூம் என்ற சுடும் கேமில் இது இன்னும் நுணுக்கம். உயிர் 100 இருந்தால் 25 தரும் மெடிகிட் (மருந்துப் பெட்டி) தொட்டாலும் தரையிலேயே கிடக்கும், பிறகு வந்து எடுக்கலாம். ஆனால் 100 தரும் சோல்ஸ்பியர் என்ற நீல உருண்டை அப்படியில்லை. அதற்கு உச்சம் 200. 190இல் தொட்டால் 10தான் ஏறும், மிச்சம் 90 வீண். இரண்டுமே தொடுபொருள்தான், ஒன்று காத்திருக்கும், மற்றது காத்திராது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத விளக்கம் அரைகுறை.

பப்ஜியில் மருந்தெல்லாம் பைப்பொருள். ஃபர்ஸ்ட் எய்ட் 6 விநாடியில் 75 வரைக்கும், மெட்கிட் 8 விநாடியில் 100 வரைக்கும் ஏற்றும். நடுவில் நீங்கள் சுட்டால் நின்றுவிடும், கிட் செலவாகாது. 75க்கு மேல் இருந்தால் ஃபர்ஸ்ட் எய்டைப் போடவே முடியாது. பட்டன் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

அதிகம் ஏமாற்றுவது மைன்கிராஃப்ட். ‘இன்ஸ்டன்ட் ஹெல்த்’ போஷனின் (குடிக்கும் மருந்தின்) பெயரிலேயே உடனடி இருக்கிறது. குடித்து முடித்த கணம் 2 இதயம் ஏறும், உண்மை. ஆனால் குடிக்கவே 1.6 விநாடி பட்டனை அழுத்திப் பிடிக்கவேணும், விட்டால் போத்தல் அப்படியே இருக்கும். பலன் உடனடி, பாவனை உடனடி இல்லை. உயிரை மெல்ல ஏற்றும் ரீஜெனரேஷன் போஷனுக்கும் அதே 1.6 விநாடிதான், பலன் மட்டும் 45 விநாடியாக ஏறும். அடி விழுந்துகொண்டிருக்கும்போது எறிந்து உடைக்கும் ஸ்பிளாஷ் வகைப் போஷனைக் காலடியில் எறியுங்கள். அதற்குக் குடிக்கும் நேரம் கிடையாது.