ஐந்து நிமிடம் ஓட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை: பழைய சிவிக்கோடு ஆட்டோகிராஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் நின்று நான் கார் ஓட்டிய நேரம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து ரன், அதாவது போட்டிப் பாதையை ஐந்து தடவை ஓட்டுவது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போல. இதற்கு 55 டாலர் கட்டணம், விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம். "லூசாடா நீ?" என்று அறைத்தோழன் கேட்டான். அடுத்த மாதமே அவனும் என் காரில் ஏறிப் போட்டியிட்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது ஒஹாயோவில் முதுகலை இரண்டாம் ஆண்டு. உதவித்தொகையில் வாடகை, மளிகை, பெட்ரோல் போக மாதம் நூறு டாலர் மிஞ்சினால் அதிசயம். கார் 2008 ஹோண்டா சிவிக், ஆட்டோமேடிக், 1.8 லிட்டர் எஞ்சின், பின் கதவில் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன ஒரு நசுங்கல். இதை வைத்துக்கொண்டு கார் பந்தயத்துக்குப் போக முடியும் என்று எனக்கே தெரியாது. முடியும். அதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டோகிராஸ் என்றால், பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து ஒரு பாதை அமைப்பார்கள். ஒவ்வொருவராக அதில் ஓட்ட வேண்டும். பக்கத்தில் இன்னொரு கார் உரசிக்கொண்டு வராது. போட்டி கடிகாரத்தோடு மட்டும். வேகமும் சாதாரண நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் திருப்பத்துக்கு மேல் திருப்பம். கோனைத் தட்டி விழுத்தினாலோ அதைச் சுற்றித் தரையில் வரைந்த கட்டத்தை விட்டு நகர்த்தினாலோ இரண்டு வினாடி தண்டம். பாதையைத் தவறவிட்டால் அந்த ரன் கணக்கிலேயே வராது. இருக்கும் ரன்களில் மிக வேகமானது எதுவோ அதுதான் உங்கள் மதிப்பெண். அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் நடத்துவது 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் வட்டாரக் கிளைகள். அவர்கள் இதை 'சோலோ' என்பார்கள்.

முதலில் பணம். கட்டணம் தவிர அந்த நாளுக்காக நான் வாங்கியவை: டயர் காற்று அளக்கும் கருவி 15 டாலர், சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய காற்று பம்ப் 30 டாலர், கதவில் எண் ஒட்ட வண்ணப்பூச்சுக்காரர்கள் பயன்படுத்தும் நீல டேப் 5 டாலர். ஹெல்மெட் வாங்கவில்லை. பெரும்பாலான இடங்களில் இரவல் ஹெல்மெட் வைத்திருப்பார்கள், முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும். பிறகு வாங்கத் தோன்றினால் ஸ்னெல் என்ற ஹெல்மெட் பாதுகாப்புத் தர முத்திரையும் அதன் ஆண்டும் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று டாட் (DOT) எனப்படும் அமெரிக்கச் சாலைத் தரச் சான்று மட்டும் உள்ளதை வாங்கினால் அங்கே அனுமதிக்க மாட்டார்கள். கிளப்பில் ஆண்டு உறுப்பினராகச் சேரத் தேவையில்லை; அந்த வார இறுதிக்கு மட்டும் தற்காலிக உறுப்பினராகலாம்.

பணம் சம்பந்தமாக இன்னொன்று, இது யாரும் முன்வந்து சொல்லாதது. உங்கள் கார் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். நேரம் கணக்கிட்டு ஓட்டும் போட்டிகளில் ஏற்படும் சேதத்தை விலக்கும் வாசகம் பல பாலிசிகளில் உண்டு. நிகழ்ச்சி நடத்துபவர்கள் எடுத்திருக்கும் காப்பீடு உங்கள் காருக்கானதல்ல. கெட்டியான எதிலும் மோதாத தூரத்தில்தான் பாதை போடுவார்கள் என்பதால் பெரிய சேதம் அரிது. இருந்தாலும் வேலைக்குப் போக அந்த ஒரு கார்தான் என்றால், தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

காலையில் போனதும் டெக் எனப்படும் வாகனச் சோதனை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நான் அதில் தோற்றேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார்கள், பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, பேட்டரி அசைகிறதா என்று பார்க்கிறார்கள். என் பேட்டரி அசைந்தது. மேலே பிடிக்கும் கம்பியின் நட்டு எப்போதோ தளர்ந்திருக்கிறது. பக்கத்துக் காரரிடம் 10 எம்எம் ஸ்பேனர் இரவல் வாங்கி இறுக்கிவிட்டு மறுபடி வரிசையில் நின்றேன். முந்தின நாளே வீட்டில் செய்ய வேண்டிய இரண்டு நிமிட வேலை அது. கூடவே சக்கர நட்டுகளையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் பாருங்கள் (என் சிவிக்குக்கு 80 பவுண்டு-அடி). காருக்குள் கிடக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், ஓட்டுநர் காலடி விரிப்பு உட்பட. என் டிக்கியிலிருந்து ஒரு குடை, மூன்று நூலகப் புத்தகங்கள், அரை மூட்டை சோனா மசூரி. அரிசி மூட்டையைப் பார்த்துச் சோதனை செய்தவர் சிரித்துவிட்டார்.

இப்போது உண்மையான பாடத்துக்கு வருகிறேன். ஓட்டம் தொடங்குமுன் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். இது இலவசம். இதை ஒழுங்காகச் செய்பவர்களுக்கும் அரட்டை அடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கும் மாலையில் தெரியும் வித்தியாசம் எந்த உதிரிபாகத்தாலும் வராது. நான் முதல்நாள் இரண்டாவது வகை. ஒரு தடவை நடந்தேன், புரிந்துவிட்டது என்று நினைத்தேன், தயிர்சாத டப்பாவைத் திறந்துவிட்டேன்.

முதல் ரன். பச்சைக்கொடி, மிதித்தேன், இரண்டாவது திருப்பம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் முன்னால் தெரிந்ததெல்லாம் ஆரஞ்சு. நின்ற உயரத்தில் பார்க்கும்போது தெளிவான பாதையாகத் தெரிந்தது, இருக்கையில் உட்கார்ந்த உயரத்தில் கோன் தோட்டமாக ஆகிவிட்டது. வரிசையாக நிற்கும் கோன்களை இடமும் வலமுமாக வளைந்து கடக்கும் ஸ்லாலத்தின் நடுக் கோனை விட்டுவிட்டு வேறு எதற்குள்ளோ நுழைந்தேன். ரன் போச்சு.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. குறைந்தது மூன்று தடவை நட. முதல் தடவை பாதை எங்கே போகிறது என்பது மட்டும். தரையில் படுக்க வைத்த கோனின் முனை, பக்கத்தில் நிற்கும் கோனின் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று காட்டும், அதைக் கவனி. இரண்டாவது தடவை முக்கியமான இடங்களில் குந்தி உட்கார்ந்து, இருக்கையின் உயரத்திலிருந்து பார். அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை; அங்கே நன்றாக ஓட்டுபவர்கள் எல்லாரும் தவளை மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது தடவை எல்லாக் கோன்களையும் மறந்துவிட்டு, கார் எந்தக் கோட்டில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கோன்களை மட்டும் எண்ணு. நூறு கோன் இருந்தாலும் அப்படிப்பட்டவை பத்துப் பன்னிரண்டுதான். கடைசியில் கண்ணை மூடி முழுப் பாதையையும் மனதுக்குள் ஓட்டிப் பார். எந்த இடத்தில் படம் மங்குகிறதோ அங்கே திரும்பிப் போய் நட. பள்ளியில் மனப்பாடச் செய்யுளை மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்போமே, அதேதான். நெப்ராஸ்காவின் லிங்கனில் செப்டம்பரில் நடக்கும் தேசியப் போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அங்கே ஒரு பாதைக்கு மூன்றே ரன், பயிற்சி ரன் கிடையாது. பாதையை ஓட்டி ஓட்டிக் கற்றுக்கொள்ள அங்கே யாருக்கும் நேரமில்லை.

இரண்டாவது ரன்னுக்கு முன் அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்து, "கூட உட்காரட்டுமா?" என்றார். புதியவர்களுக்குச் சொல்லித்தர வரும் தன்னார்வலர். அவர் அந்த ஒரு நிமிடமும் ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: முன்னால் பார். நான் பம்பருக்கு முன்னாலிருந்த கோனையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்ததை, முடிந்தால் அதற்கும் அடுத்ததைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். கேட்க எளிது, செய்யக் கழுத்து வலிக்கும். கூடவே, பிரேக்கை நேராகப் போகும்போதே மிதித்து முடித்துவிட வேண்டும். முன்சக்கர இழுவைக் காரில் வேகமாக நுழைந்து ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடித்தால் டயர் அலறுமே தவிரக் கார் திரும்பாது. மெதுவாக நுழைந்த ரன்தான் நேரம் குறைந்து வந்தது. ஆட்டோமேடிக் என்றால் செலக்டரை 2-இல் வைத்து விடுங்கள், நடுத் திருப்பத்தில் கியர் தானாக மாறி ஏமாற்றாது.

இரண்டாவது ரன் 61.3 வினாடி. மூன்றாவது 57.8, ஆனால் இரண்டு கோன், ஆக 61.8. நான்காவது 56.9. கடைசி 55.2, கோன் எதுவும் விழவில்லை. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தபோது விரல்கள் நடுங்கின.

மாலையில் கணக்கில் வராத கூடுதல் ரன்களுக்குத் தனியாகச் சில டாலர் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்தப் பெரியவரிடம் என் காரை ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஓட்டினார். அதே கார், அதே பழைய ஆல்-சீசன் டயர், பக்கத்தில் நான் வேறு பாரம். 50.4. டயர் கத்தக்கூட இல்லை, முனகியது.

கிட்டத்தட்ட ஐந்து வினாடி அந்தக் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? 280 டாலருக்குக் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன்.

அதன் விளைவு இரண்டு. போட்டியில் கார்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். என் சிவிக் அப்போது இருந்தது எச் ஸ்ட்ரீட், வேகம் குறைந்த சாதாரணக் கார்களுக்கானது. ஸ்ட்ரீட் வகுப்புகளில் ஷாக் அப்சார்பர் மாற்றலாம், பிரேக் பேட் மாற்றலாம், திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை முன்னாலோ பின்னாலோ ஒன்று மாற்றலாம். ஸ்பிரிங் மாற்றக் கூடாது. மாற்றியதால் நான் ஸ்ட்ரீட் டூரிங்குக்குத் தள்ளப்பட்டேன். அங்கே இருப்பவர்கள் அகலச் சக்கரம், நல்ல டயர் என்று அந்த வகுப்பு அனுமதிப்பதையெல்லாம் செய்து வருபவர்கள். அடுத்தது பேக்ஸ் கணக்கு. வெவ்வேறு வகுப்பினரை ஒப்பிட ஒவ்வொருவர் நேரத்தையும் வகுப்புக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். எச் ஸ்ட்ரீட்டுக்கு அது ஏறத்தாழ 0.78, அதனால் என் 55.2 ஏறத்தாழ 43 ஆனது. வகுப்பு மாறியதும் அந்த எண் கூடிவிட்டது. ஆக, காசு கொடுத்து என் மதிப்பெண்ணை நானே கெடுத்துக்கொண்டேன். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது ஒன்றுதான் புத்திசாலித்தனம். எதையும் வாங்குமுன் விதிப்புத்தகத்தில் உங்கள் வகுப்பின் பக்கங்களையாவது படியுங்கள். கிளப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆண்டுதோறும் மாறுகிறது.

அந்த 280 டாலருக்கு ஐந்து ஞாயிறு போயிருக்கலாம்.

டயருக்கு மட்டும் நான் விதிவிலக்கு தருவேன், அதுவும் முதல் ஆண்டில் அல்ல. ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று காட்டும் எண்) 200 என்று முத்திரை உள்ள, ஸ்ட்ரீட் வகுப்பில் அனுமதிக்கப்படும் கெட்டிப்பிடி டயர் ஒரு செட் எனக்கு 600 டாலருக்கு மேல் ஆனது. புதிதாகக் கற்பவருக்கு அது மோசமான ஆசிரியர். நாம் செய்யும் தப்பையெல்லாம் மறைத்துவிடும். ஆல்-சீசன் டயர் ஒவ்வொரு தப்புக்கும் கத்தும். அதில் காற்றை மட்டும் கதவுத் தூணில் எழுதியிருப்பதை விட 6 முதல் 8 பிஎஸ்ஐ கூட்டிக்கொண்டு தொடங்குங்கள். டயரின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, ரன் முடிந்ததும் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

காருக்கான செலவைப் பாதியாக்கும் வழி, ஒரு காரை இருவர் ஓட்டுவது. இங்கேதான் அறைத்தோழன் வருகிறான். கட்டணம் அவரவர் கட்டினோம்; பெட்ரோல், டயர் தேய்மானம் பாதிப் பாதி. பணத்தை விடப் பெரிய லாபம், அவன் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. முதல் நாளே என்னை விட அரை வினாடி முந்திவிட்டான் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டுமா என்று யோசித்தேன்.

அப்புறம் வேலை. ஓட்டுபவர் ஒவ்வொருவரும் ஒரு சுற்று வேலை செய்தாக வேண்டும், அதனால்தான் கட்டணம் இவ்வளவு குறைவு. புதியவர்கள் நிழலில் இருந்து செய்யும் வேலையைக் கேட்பார்கள். நீங்கள் பாதையோரத்தில் கோன் தூக்கும் வேலையைக் கேளுங்கள். கையில் சிவப்புக் கொடி, பக்கத்தில் தீயணைப்பான். பாதைக்கு ஒருபோதும் முதுகைக் காட்டக் கூடாது. கார் கடந்ததும் ஓடிப்போய் விழுந்த கோனைச் சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டத்துக்குள் நிறுத்தி, வண்டி எண்ணை ரேடியோவில் சொல்ல வேண்டும். ஒரே திருப்பத்தில் நாற்பது பேர் நாற்பது விதமாக நுழைவதை அத்தனை கிட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. யார் சீக்கிரம் பிரேக்கை விட்டார், யார் தாமதித்தார் என்று காதாலேயே தெரிய ஆரம்பித்துவிடும். என்னுடைய மூன்றாவது நிகழ்ச்சியில் வேலைச்சுற்று முதலில் வந்தது, ஓட்டம் பிறகு. அன்று முதல் ரன்னிலேயே பாதை தவறவில்லை. தொப்பி, நிறையத் தண்ணீர், சன்ஸ்கிரீன் மறக்காதீர்கள். தார்த்தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

ஓட்டும்போது ஏற்கெனவே ஒரு கோன் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்தி அதைக் கையால் காட்டுங்கள், மறு ரன் தருவார்கள். பார்த்தும் ஓட்டி முடித்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை.

வீடு திரும்புமுன் நீல டேப்பை உரித்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் பசை பெயிண்ட்டிலேயே தங்கிவிடும். சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். கூட்டி வைத்த காற்றையும் டயர் ஆறியதும் பழைய அளவுக்கு இறக்குங்கள். முதல் தடவை அதை மறந்துவிட்டு நெடுஞ்சாலையில் எண்பது மைல் வந்தேன். வழியிலிருந்த ஒவ்வொரு சாலை இணைப்பும் பள்ளமும் முதுகெலும்பில் வந்து கதவைத் தட்டியது. அரிசி மூட்டை வேறு திடலிலேயே கிடந்தது. பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனேன்.