முடிவு வருமுன்பே திறந்த நோட்டு

2019 ஜூலையில் என் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. கணினி அறிவியல். விருப்பப் பட்டியலில் அவள் முதலாவதாகக் கொடுத்திருந்த இடம். செய்தியைப் பார்த்ததும் அடுக்களைக்கு ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். அன்று இரவு, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நானும் என் கணவரும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தோம். மறுநாள் காலையில், "அவ்வளவு தூரம் வேண்டாம்மா, பாளையங்கோட்டையிலேயே படி" என்றோம். தூரம் என்றுதான் சொன்னோம். காசு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

முன்பே விண்ணப்பம் போட்டு வைத்திருந்ததால் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை ரயிலில் போய்வந்து படித்தாள், நன்றாகவே படித்தாள். ஆனால் அந்த ஆடியும் ஆவணியும் எங்களோடு அவள் சாப்பிட உட்காரவில்லை. பெண் பிள்ளை என்பதால்தான் வெளியூருக்கு அனுப்பவில்லை என்று அவள் நம்பியிருந்தாள். அது எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. அவளிடம் காசைப் பற்றி மறைத்தேன். அந்த மறைப்பில் அவள் தனக்கென்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

அதனால் 2024-இல் என் மகன் பிளஸ் டூ எழுதியபோது வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். இந்த வருடம் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும் தாய் தகப்பனுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தேர்வு முடிந்த வாரத்தில், முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, நாங்கள் நால்வரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரு நூறு பக்க நோட்டில் அவருடைய சம்பளம், என் கடையில் மாதம் நிற்கும் தொகை, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, நகை மேல் வாங்கிய கடனில் மீதி எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். கடைசி வரியில், வருடத்துக்கு எங்கள் கையிலிருந்து எவ்வளவு தர முடியும் என்ற ஒரே ஓர் எண். அதன் கீழே, வங்கிக் கல்விக் கடன் வாங்கினால் எவ்வளவு கூடும் என்ற கணக்கு. நான்கு லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அந்த வட்டியையும் எழுதினேன்.

மகன் நோட்டை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "அக்காவிடம் ஏன் இதைக் காட்டவில்லை?" என்று கேட்டான். அவள் அருகில்தான் இருந்தாள். "தைரியம் இல்லை, மக்களே" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை. அவள் எழுந்து உள்ளே போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கஷ்டம் தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் அனுபவத்தில், இடம் கிடைத்த பிறகு தெரிந்தால்தான் உடைகிறது. முன்பே தெரிந்தால் அது ஒரு கணக்கு. கணிதம் படித்த பிள்ளைக்கு அதைப் போடத் தெரியும்.

அதே வாரத்தில் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். இது முழுக்கப் பெற்றோர் வேலை. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போய்த்தான் வரும். முடிவு வந்த பிறகு போனால் கூட்டம். எங்கள் வீட்டில் சாதிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, பள்ளி ஆவணத்தில் வேறு முன்னெழுத்து. அதைத் திருத்த என் கணவர் மூன்று நாள் விடுப்பு எடுத்தார். ஏப்ரலில் கண்டுபிடித்ததால் தப்பித்தோம்.

இரண்டு சலுகைகளைப் பற்றி எங்கள் தெருவிலேயே தவறான நம்பிக்கை இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் பெறும் பிள்ளையின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பெரிய வரம் அது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். அவற்றில் படித்தவர்களுக்கு இது பொருந்தாது. என் மகன் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவன். அடுத்தது, முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு அது கிடையாது. இரண்டையும் நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் ஜூலையில் திண்டாடியிருப்போம்.

மே 6 காலை ஒன்பதரை மணிக்கு முடிவு வந்தது. கணிதம் 88, இயற்பியல் 82, வேதியியல் 84. பொறியியலுக்கான கட்-ஆஃப் 200-க்குப் போடுவார்கள்: கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதியாக. 88, 41, 42; மொத்தம் 171. அவன் 180 எதிர்பார்த்திருந்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். நான் பின்னால் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து என் கணவர் மட்டும் இரண்டு டம்ளர் காப்பியோடு ஏறினார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முதல் நாளே எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். அன்று முழுவதும் அந்த வீட்டில் யாரும் "இன்னும் கொஞ்சம்" என்ற சொல்லைச் சொல்லவில்லை.

தொலைபேசி சும்மா இருக்குமா? தென்காசியிலிருந்து பெரியம்மா, வள்ளியூரிலிருந்து மாமா, கடையிலிருந்து அண்ணாச்சி. அன்பில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்குத் தன் மதிப்பெண்ணைச் சொல்வது பிள்ளைக்குத் தண்டனை. எல்லா அழைப்பையும் நானே எடுத்தேன். "பாஸ் ஆகிவிட்டான், மற்றதை அவனே உங்களிடம் சொல்வான்" என்பதோடு நிறுத்தினேன். என் மாமியாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஆச்சி கேட்டால்கூடச் சொல்லக் கூடாதா என்று கோபித்தார்கள். மறுநாள் அவனே ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முடிவு வந்த சில நாட்களுக்குப் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் "சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். தனி அறையில் விடாமல் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து படுத்துக்கொள்ளுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, பெற்றோரும் பேசலாம். ஒரு பாடத்தில் தவறியிருந்தாலும் துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அதில் தேறி அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான அவகாசம் குறைவு என்பதால் உடனே முடிவெடுங்கள்.

இனி, அவன் என்ன படிப்பது. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு உடைந்த கரைகளையும் கன்னடியன் கால்வாயையும் பார்க்க அவன் சைக்கிளில் சுற்றினான். அதன் பிறகுதான் சிவில் படிக்கிறேன் என்று பேச ஆரம்பித்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் கம்ப்யூட்டர்தான். அக்காவுக்குக் கிடைத்து விட்டுப்போனது இவனுக்காவது கிடைக்கட்டும் என்ற ஆசை. அந்த ஆசை என்னுடையது, அவனுடையது இல்லை என்பதை எனக்கு எடுத்துச் சொன்னது என் மகள்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு சறுக்கல் எங்களுக்கும் ஏற்பட்டது. "இப்போதே கட்டினால்தான் இடம்" என்று ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் அழைப்பு வந்தது. பயத்தில் என் கணவர் முன்பணம் கட்டிவிட்டார். அதைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தோம். கலந்தாய்வு முடியும் வரை அவசரப்படாதீர்கள். எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மாற்று ஏற்பாடாக அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது செலவு குறைந்த வழி. பேட்டையில் ராணி அண்ணா மகளிர் கல்லூரி இருக்கிறது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி போன்றவற்றுக்கு விண்ணப்பம் வேறு, தேதி வேறு. எல்லாத் தேதியையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

ஆனித் தேர் நிலைக்கு வந்து, குற்றாலத்தில் சாரல் தொடங்கி, ஒரு வழியாகக் கலந்தாய்வில் எங்கள் சுற்றும் வந்தது. விருப்பப் பட்டியலைப் பதிவிட மூன்று நாள். பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போட்டு, உண்மையில் வேண்டியதைக் கீழே போடுகிறார்கள். கணினி பட்டியலின் மேலிருந்து கீழே பார்த்து, நம் தரவரிசைக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. அதை விடக் கீழே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. எட்டாத இடத்தை முதலில் எழுதுவதால் எதுவும் குறையாது. ஆகவே வரிசை பிள்ளையின் ஆசைப்படியே இருக்கட்டும். நோட்டில் உள்ள எண்ணுக்கு மீறிய கல்லூரி மட்டும் பட்டியலிலேயே வேண்டாம். கல்லூரியின் குறியீட்டு எண்ணை இரண்டு பேர் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலே உள்ள இடத்துக்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்று கேட்கும். இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளில் யோசிக்கத் தொடங்கினால் சண்டைதான் வரும். எது கிடைத்தால் என்ன சொல்வது என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தோம்.

பட்டியலைப் பூட்டும் கடைசி இரவு அவன் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி சிவிலை மூன்றாவதாக வைத்திருந்தான். மேலே இரண்டும் கம்ப்யூட்டர். என் முகத்தைப் பார்த்து வைத்தவை. அவனுடைய அக்கா ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளி, "உனக்கு எது வேண்டுமோ அதை மேலே கொண்டுபோ, நான் அடுக்களைக்குப் போகிறேன். அம்மா, நீங்களும் வாருங்கள்" என்றாள். நாங்கள் இருவரும் உள்ளே நின்று பால் காய்ச்சினோம். திரும்பி வந்தபோது சிவில் முதலில் இருந்தது. ஒதுக்கீட்டிலும் அதுவே கிடைத்தது.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு நோட்டை எடுத்து வைக்கப் போனேன். எம்.எஸ்சி. முடித்து அந்த ஜூனில்தான் என் மகள் அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வரவுப் பக்கத்தில், என் கணவரின் சம்பளத்துக்குக் கீழே, அவள் கையெழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: தம்பி பஸ் செலவுக்கு, மாதம் ஆயிரம். அதை அடித்துவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்தேன். பிறகு மூடி, மொத்தத்தைத் திருத்தி எழுதினேன்.