ஆற்றின் சீற்றம் தணிய ஒரு கோபுரம்

சீனாவின் ஹாங்சோ நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேற்கு ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏரிக்குத் தெற்கே, சியாந்தாங் ஆற்றங்கரையில், யுவேலுன் குன்றின் மேல் நிற்கிற லியூஹே கோபுரத்தைத் தவறவிடக் கூடாது. கி.பி. 970இல் ஊயுவே என்ற அரசின் மன்னர் சியான் சூ எழுப்பிய பௌத்தக் கோபுரம் இது. அசோகர் 84,000 ஸ்தூபிகள் கட்டிய கதையில் மனம் தோய்ந்து, அதே எண்ணிக்கையில் சிறு ஸ்தூபிகள் செய்வித்த பக்திமான் அவர்.

அவர் இதைக் கட்டிய காரணம்தான் என்னை இழுத்தது. சியாந்தாங் ஆறு கடலில் சேரும் ஹாங்சோ விரிகுடாவின் வாய் மிக அகலம். உள்ளே வர வரக் குறுகும். கடல் ஏற்றத்தில் புகுந்த நீர் ஒதுங்க இடமில்லாமல் சுவராக எழும்பி ஆற்றை எதிர்த்து ஏறும். சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் 18ஆம் நாளையொட்டி அதன் உக்கிரம் அதிகம். சியான் சூவின் வம்சம் 910இலேயே மூங்கில் கூடைகளில் கல் நிரப்பிக் கரை கட்டிப் பார்த்தது. அப்படியும் பயம் போகவில்லை. கடைசியில் புத்தர் மேல் பாரத்தைப் போட்டு, யான்ஷோ என்ற துறவியின் மேற்பார்வையில் கோபுரம் எழும்பியது. உச்சியில் விளக்கும் ஏற்றினார்கள். இரவில் வரும் படகுகளுக்கு அதுதான் வழிகாட்டி. வேண்டுதலோடு வேலையும் நடந்திருக்கிறது!

1121இல் ஃபாங் லா என்பவர் தலைமையில் நடந்த கலகத்தில் எல்லாம் எரிந்துபோனது. தெற்குச் சோங் வம்ச அரசர்கள் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் நடுவில், திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் தொட்டுப் பார்க்கும் செங்கல் உடம்பு அப்போதையது.

ஏறக்குறைய 60 மீட்டர் உயரம், எட்டுப் பட்டை. வெளியே நின்று எண்ணினால் 13 அடுக்குக் கூரைகள், உள்ளே ஏறினால் ஏழே தளங்கள். மிச்சம் 6 அடுக்குகளும் ஆள் போக முடியாத இருட்டு அடுக்குகள். 13 கூரைகளின் எட்டு மூலைகளிலும் மணிகள், மொத்தம் 104. இந்த மரக்கூரைகள் 1900இல் போர்த்தியவை. கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங் 1935இல் சோங் காலத்து வடிவத்தை மீட்கத் திட்டம் வரைந்தார், நிறைவேறவில்லை. எனக்கும் அந்த மரப்போர்வை கொஞ்சம் பாரமாகத்தான் தெரிந்தது. ஆனால் செங்கல்லை மழையிலிருந்து காப்பதும் அதுதானே, குறை சொல்ல மனம் வரவில்லை.

உள்ளே போனால் வேறு உலகம். ஒவ்வொரு தளத்திலும் நடுவில் சிறு அறை, அதைச் சுற்றி நடைவழி. பிராகாரமேதான். கால் தானாக வலம் வர ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் ஆற்றைப் பார்க்கிற அவசரத்தில் படியேறுகிறார்கள். நான் சுவரடிப் பீடங்களில் நின்றுவிட்டேன். சோங் காலத்துச் செங்கல் செதுக்கல்கள்: தாமரை, பறக்கும் தேவர்கள், சிங்கம், மாதுளை. மயிலும் உண்டு. மயிலைக் கண்டதும் வாய் முருகா என்றது, புத்தர் கோவித்துக்கொள்ள மாட்டார். 'நாற்பத்திரண்டு பகுதிகள்' சூத்திரம் பொறித்த கல்லும் இங்கே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து முதன்முதலில் சீனத்தில் பெயர்க்கப்பட்ட பௌத்த நூல் அந்தச் சூத்திரம்தான் என்பது மரபு.

மேல் தளத்திலிருந்து ஆறு முழுக்கத் தெரிகிறது. பக்கத்திலேயே 1937இல் திறந்த சியாந்தாங் பாலம், மேலே சாலை, கீழே ரயில். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் தளத்துக்கு ஒரு சுற்று வந்து, அப்புறம் அடுத்த படியில் கால் வையுங்கள்.