ரோடு யார் பெயரில் இருக்கிறது? எங்கள் நகருக்குத் தெருவிளக்கு வந்த வழி

எங்கள் நகரில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. சுற்றுவட்டத்தில் இருக்கிற மற்ற நகர்க்காரர்கள் "எப்படி வாங்கினீங்க, யாரைப் பார்த்தீங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்றுதான் இது. நாங்கள் யாரையும் பிடிக்கவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பத்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். அந்தப் பத்திரம் வரும்வரை எல்லா மனுவும் ஒரே இடத்தில் வந்து நின்றது, வந்த பிறகு வேலை தானாக நகர்ந்தது.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் ரோட்டின் ஓரம், கரும்பு போட்டுக்கொண்டிருந்த ஆறேழு ஏக்கரை மனை போட்டு விற்ற இடம் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். கடலூர் மாநகராட்சி ஆனது 2021-இல், ஆனால் நாங்கள் அதன் எல்லைக்கு வெளியே, கிராம ஊராட்சிக்குள் இருக்கிறோம். டவுனில் வேலை, ஊராட்சியில் வீட்டு வரி. பழைய ஊர்த்தெருவில் டேங்க், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், விளக்கு எல்லாம் உண்டு. நகரில் வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்க ஈ.பி. நட்ட கம்பங்கள் மட்டும் இருந்தன. கம்பத்தில் விளக்கு இல்லை.

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களைக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு வரை செல்போன் வெளிச்சம்தான். அதற்கும் நாங்கள் பழகிவிட்டிருந்தோம். பழக விடாமல் செய்தது 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, சரி முடிந்தது என்று நினைத்தோம். டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரை மீறிக் கடலூர் சுற்றுக் கிராமங்களுக்குள் வந்தது. எங்கள் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு கரண்டும் வந்தது, ஆனால் தெருவில் சேறு எங்கே, பள்ளம் எங்கே, பாம்பு எங்கே என்று ராத்திரியில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது தெருவில் ஒரு பாட்டிக்குக் கட்டுவிரியன் கடித்து ஜி.எச்.சுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். அதற்கு அப்புறம்தான் நாலு பேர் உட்கார்ந்து பேசினோம்.

முதலில் ஊராட்சி அலுவலகம். செயலர் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்: "நகர் ரோடு பஞ்சாயத்துப் பேர்லயே இல்லைங்க. பஞ்சாயத்துக்குச் சொந்தமில்லாத ரோட்டுல நாங்க எப்படி லைட் போடறது? ஆடிட்ல கேப்பாங்க." அப்போது அதை ஒரு சாக்கு என்றுதான் எங்களில் பாதிப்பேர் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வரி வாங்கும்போது மட்டும் நகர் பஞ்சாயத்துக்குள் இருக்கிறதா என்று கோபம்.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர் கிடையாது, வார்டு மெம்பர் கிடையாது, தனி அலுவலர் பொறுப்பு. அதாவது யூனியன் ஆபீஸில் இருக்கும் பி.டி.ஓ.தான், வட்டார வளர்ச்சி அலுவலர்தான் எல்லாம். அவர் கையில் எத்தனையோ ஊராட்சிகள். முன்பெல்லாம் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றால் ஒரு பதில் கிடைக்கும், இப்போது எந்த வாசலில் நிற்பது என்பதே கேள்வி. பாண்டியில் இருக்கும் என் அத்தை இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு இது புதுசா என்ன" என்றார். அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல், அதுவும் 38 வருஷம் கழித்து. 2011-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து அங்கத்திய கிராம உள்ளாட்சிகளான கொம்யூன் பஞ்சாயத்துகளில் அரசு போட்ட ஆணையர்தான். மன்றம் இல்லாத ஊரில் ஒரு விளக்குக்கம்பத்துக்குக் கூட ஜனங்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தேர்தல் சும்மா ஒரு சடங்கு என்று பேசுகிறவர்கள் ஒரு வருஷம் தலைவர் இல்லாத ஊரில் இருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில சமயம் தேதி தள்ளிப் போகும், எனவே கேட்டுவிட்டுப் போங்கள். எங்கள் நகருக்கு அந்தச் சேதியே வருவதில்லை. ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ பழைய தெருக்களைச் சுற்றிவிட்டுப் போய்விடும். நகர் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் படமும் மனை விற்பனைக்கு என்ற விளம்பரமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குரூப்பை ஊர்ச் சேதிக்கு மட்டும் என்று மாற்றினோம். இன்று எத்தனை மணிக்குத் தண்ணீர், ரேஷனில் எது வந்திருக்கிறது, ஈ.பி. ஷட்டவுன் என்றைக்கு, கிராம சபை எங்கே. வேறு எதுவும் போட்டால் நீக்கிவிடுவோம். இதனால் சிலர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள், அப்புறம் அவர்களே திரும்பி வந்தார்கள்.

மே 1 கிராம சபைக்கு நகரிலிருந்து பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருங்கள், அது முக்கியம், ஏனென்றால் மக்கள்தொகைக்குத் தகுந்த ஆள் எண்ணிக்கை இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊர் என்றால் 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. எங்கள் கோரிக்கையை எழுதியே கொண்டுபோயிருந்தோம். "நகருக்குத் தெருவிளக்கு அமைத்துத் தர ஆவன செய்ய" என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். நாங்கள் விடவில்லை. ஒவ்வொரு ஈ.பி. கம்பத்திலும் பெயின்ட்டில் ஒரு எண் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்த எண்களைத் தெருவாரியாகக் குறித்து வைத்திருந்தோம், மொத்தம் 11 கம்பங்கள். அந்த எண்களோடுதான் தீர்மானம் எழுதப்பட்டது. பிறகு ஈ.பி.யில் எஸ்டிமேட் போடும்போது இது எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லி மாளாது. இடத்தைப் பார்க்க வந்தவர் நேராகக் கம்பத்துக்குப் போனார். தீர்மானத்தின் நகல் கேட்டபோது கையில் கிடைக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டோம், வந்துவிட்டது.

தீர்மானம் யூனியன் ஆபீஸுக்குப் போனது. அங்கேயும் அதே பேச்சு, ரோடு உங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் இல்லை. ஆனால் வாயால்தான் சொன்னார்கள். ஜூலை 15-ஆம் தேதி சிதம்பரத்தில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் தொடங்கி, எங்கள் பக்கத்துக்கும் முகாம் வந்தபோது அங்கே மனுவைப் பதிவு செய்தோம். 45 நாளில் தீர்வு என்று சொல்லியிருந்தார்கள். விளக்கு வரவில்லை, பதில் வந்தது. சாலை ஊராட்சிக்கு ஒப்படைக்கப்படாத நிலையில் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை என்று எழுத்தில். நகரில் பலருக்கு மனசு விட்டுப்போனது. எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது என்று சொன்னால் மிகையில்லை. வாயால் சொன்ன காரணத்தோடு மல்லுக்கட்ட முடியாது, எழுதித் தந்துவிட்டால் அதைப் பொய் என்றோ மெய் என்றோ நிரூபித்துவிடலாம்.

அதை நிரூபித்தது எதிர்வீட்டு அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். பதிலைப் படித்துப் பார்த்துவிட்டு என்னுடைய கிரையப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் சொத்து விவரத்தில் டி.டி.சி.பி., அதாவது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் இருந்தது. "தம்பி, ரோட்டைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்காம இந்த அப்ரூவல் கைக்கு வந்திருக்காது. எழுதிக் கொடுத்திருக்காங்க. அது எங்கயோ தூங்குது. வில்லங்கம் போட்டுப் பாரு" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முறையாக மனைப்பிரிவு போடுகிறவர், வரைபடத்தில் காட்டும் சாலைகளை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பூங்கா மாதிரிப் பொது உபயோகத்துக்கு 10 சதவீதமும் சேர்த்து. அதன் பிறகுதான் இறுதி அனுமதி. உங்கள் பத்திரத்தில் அப்படி எண் இல்லாமல், பழைய காலத்தில் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தை வைத்து விற்ற மனை என்றால் வழி வேறு. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்காக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் உங்கள் மனைப்பிரிவு சேர்ந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

சரி, வில்லங்கம் பார்ப்பது, அதாவது ஒரு நிலத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று தேடுவது. பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். நம் மனை எண்ணைப் போட்டுத் தேடினால் நாம் வாங்கிய பத்திரம்தான் வரும். மனை எண்ணை விட்டுவிட்டு, மனை பிரிப்பதற்கு முன்னால் நிலத்துக்கு இருந்த தாய் சர்வே எண்ணை மட்டும் போட்டு, அப்ரூவல் வந்த வருஷத்துக்கு முன்னும் பின்னும் தேட வேண்டும். பக்கம் பக்கமாக எல்லார் கிரையமும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். ஆவணத் தன்மை: தானம். எழுதிக் கொடுத்தவர் மனை போட்டவர், எழுதி வாங்கியவர் ஊராட்சி மன்றத் தலைவர், பதவியின் பெயரில். சொத்து விவரத்தில் சாலைகளும் பூங்கா இடமும் நான்கெல்லையோடு.

சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினோம். கூடவே நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் அ-பதிவேட்டையும் சிட்டாவையும் வருவாய்த்துறை தளத்தில் எடுத்துப் பார்த்தபோது குழப்பத்தின் வேர் தெரிந்தது. வீடு வீடாகப் பட்டா மாற்றியிருக்கிறோம், ரோட்டுக்கு யாரும் பட்டா மாற்றவில்லை. பத்திரம் பதிவாகி அதோடு நின்றுவிட்டது, ரோடு இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே கிடந்தது. செயலர் சொன்னதும் உண்மை, அக்கா சொன்னதும் உண்மை.

நகலை வைத்து இரண்டு மனுக்கள். ஒன்று வட்டாட்சியருக்கு, ரோட்டையும் பூங்காவையும் ஊராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி. இன்னொன்று தனி அலுவலருக்கு, ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸிலும் அதே நகல்களோடு பதிவு செய்துவிட்டு வந்தோம். தானப் பத்திரத்தை மேலே வைத்துக் கொடுத்த பிறகு எந்த மேஜையிலும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை, இதை நான் அடித்துச் சொல்வேன்.

மீதி வேகமாக நடந்தது. தெருவிளக்குக்குக் கம்பத்தில் தனிக் கம்பி இழுக்க வேண்டும், அதற்கு ஈ.பி.யில் எஸ்டிமேட் போட்டு ஊராட்சி பணம் கட்ட வேண்டும், விளக்கை ஊராட்சியே வாங்கித் தர வேண்டும், மாதா மாதம் பில்லும் ஊராட்சிக்குத்தான். பொது நிதியிலிருந்து கட்டினார்கள். மழைக்கு முன்னால் கம்பி இழுத்து, எட்டுக் கம்பங்களில் எல்.இ.டி. மாட்டிவிட்டார்கள். முனைக் கம்பத்தில் சுவிட்ச் பெட்டி இருக்கிறது. டேங்க் ஆபரேட்டர் சாயங்காலம் வந்து போட்டுவிட்டு, காலையில் தண்ணீர் திறக்க வரும்போது அணைக்கிறார். முதல் வாரம் பிள்ளைகள் அந்தப் பெட்டிக்குக் கீழே நின்று அவருக்காகக் காத்திருந்தார்கள்.

பாக்கி மூன்று கம்பங்கள் கடைசிக் குறுக்குத்தெருவில். அந்தத் தெரு வரைபடத்திலேயே இல்லை, ஓரத்து நிலத்துக்காரர் பின்னால் பிரித்து விற்றது. அவருடைய வாரிசுகள் தானம் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள், ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் கையெழுத்துக்குக் காத்திருக்கிறோம். பத்திரத்தில் இருக்கும் பூங்கா இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஒரு மூலையில் யாரோ மாட்டுக் கொட்டகையும் போட்டிருக்கிறார்கள். சர்வேயர் வந்து எல்லை காட்ட மனுக் கொடுத்தாகிவிட்டது. வருகிற கிராம சபையில் அதுவும் குடிநீர்க் குழாயும்தான் எங்கள் கோரிக்கை.