தங்கத்துக்கு நடுவே ஒரு முகம்

ஐகான் என்ற சொல்லை இப்போது நடிகருக்கும் சொல்கிறோம், கைப்பேசித் திரையில் இருக்கும் குட்டிப் படத்துக்கும் சொல்கிறோம். கிரேக்கத்தில் அதற்கு உருவம், சாயல் என்று பொருள். கிறிஸ்தவத்தின் கிழக்குத் திருச்சபையில் அது வணங்குவதற்கான படம். மரப்பலகை, முட்டை மஞ்சள்கருவில் குழைத்த வண்ணம், பின்னால் தங்க ரேக்கு. அந்தத் தங்கம் வானமில்லை, சுவருமில்லை, இறைவனின் ஒளி. முன்னால் மெழுகுவத்தி ஏற்றினால் தங்கம் அலையும், முகம் மட்டும் அசையாமல் நம்மையே பார்க்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் எனக்குப் பிடிபட்டார். பிட்ஸ்பர்க்கில், கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் பைசாந்தியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு தேவாலயத்துக்குப் போய், பீடத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கும் இந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்தார்.

1962 ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்தார், 36 வயதில். அதே ஆண்டு வார்ஹோல் செய்த படத்தைப் பாருங்கள். ஆளுயரத்தைத் தாண்டிய துணி முழுக்கத் தங்க வண்ணம். நடுவில் சின்னதாக ஒரே ஒரு முகம். சினிமா விளம்பரத்துக்காக எடுத்த பழைய புகைப்படம்தான் அது. மஞ்சள் முடி, சிவந்த உதடு, சுற்றிலும் வேறொன்றும் இல்லை.

விளம்பர உலகத்தைக் கேலி செய்கிற படம் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஊரே பார்த்துத் தீர்த்த ஒரு முகத்தை எடுத்து, தான் சிறுவனாகக் கும்பிட்ட தங்கத்துக்கு நடுவே வைத்திருக்கிறார். அது அஞ்சலி.