பெட்டியைத் தண்டவாளம் ஏற்றுவது
பையனுக்கு என்று சொல்லி வாங்கிய மாடல் ரயில் (உண்மையில் எனக்குத்தான்) வளைவில் தினமும் தடம் புரள்கிறது. தண்டவாள அகலமே 16.5 மில்லிமீட்டர். விரலால் தூக்கி வைத்தால் ஒரு சக்கரம் ஏறும், இன்னொன்று இறங்கும். அப்புறம் சரிவான பிளாஸ்டிக் துண்டு ஒன்று வாங்கினேன். அதன்மேல் பெட்டியை உருட்டிவிட்டால் சக்கரம் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

2021 நவம்பரில் நம்ம தொப்பூர்–சிவாடி இடையே பாறை விழுந்து எக்ஸ்பிரஸ் ரயில் தடம் புரண்டதே, அந்தப் பெட்டிகளை விரலாலா தூக்க முடியும்? பெரிய ரயிலுக்கு ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் குறுக்கே உத்தரம் கொடுத்து, பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, 1676 மில்லிமீட்டர் தண்டவாளத்தின்மேல் மெதுவாக இறக்குவார்கள். கிரேன் போக இடமில்லாத இடத்தில் இதுதான் கைகொடுக்கும்.

சரி, என் வளைவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஜாயின்ட்டில் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது போல.