என்மேல் வழக்குப் போட்ட நண்பர்

நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்குக் குடிவந்த இரண்டாம் வருடம் என்மேல் வழக்குப் போட்டவர், தினமும் என் காரிலேயே வேலைக்கு வரும் மதுரைக்காரர். ஓக் ட்ரீ சாலைத் திருப்பத்தில் என் காரும் இன்னொரு காரும் மோதியதில் அவருக்கு வலது தோள் போனது. "இரண்டு டிரைவர்களையும் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறார் வக்கீல். தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே" என்றார். பணம் தரப்போவது என் இன்சூரன்ஸ்தான் என்று விளங்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. என் மனைவிக்கு இன்னும் விளங்கவில்லை.

எதிர்க் கார்க்காரர்மேல் நானும் தனியாக வழக்குத் தொடுத்திருந்தேன். ஒரே விபத்து என்பதால் நீதிமன்றம் இரண்டையும் இணைத்துவிட்டது. நானே வாதி, நானே பிரதிவாதி. கேட்க ஒரு வக்கீல், என்னைக் காக்க இன்சூரன்ஸ் அனுப்பிய இன்னொரு வக்கீல்.

நியூ ஜெர்சியில் இத்தகைய வழக்குகள் ஜூரியிடம் போகுமுன் நடுவரிடம் போயாக வேண்டும். நியூ பிரன்ஸ்விக்கில் நடுவராக அமர்ந்த அனுபவமுள்ள வக்கீல் ஒருவர்முன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது: எதிராளிக்கு 70 சதவீதத் தவறு, எனக்கு 30. நானும் மதுரைக்காரரும் நிம்மதியாக இட்லி சாப்பிட்டோம்.

ஊரில் நடுவர் தீர்ப்பை அசைக்க, 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு என்ற குறுகிய சந்துக்குள் நுழைய வேண்டும். அந்த நினைப்பில் இருந்துவிட்டேன். இங்கே காரணமே சொல்லவேண்டாம். தீர்ப்பு பதிவான 30 நாட்களுக்குள் 'ஏற்கவில்லை, புதிதாக விசாரியுங்கள்' என்று ஒரு மனு, 200 டாலர் கட்டணம், அவ்வளவுதான். எதிராளியின் இன்சூரன்ஸ் 28-ஆம் நாள் இரண்டு வழக்குகளிலும் அதைச் செய்தது. நடுவர் சொன்ன தொகை ஜூரியின் காதுக்கே எட்டாது. புதிய விசாரணையில் நடுவர் தீர்ப்பைவிட 20 சதவீதமாவது கூடுதல் சாதகமான முடிவு வராவிட்டால், கேட்டவர் எதிர்த்தரப்பின் செலவைத் தர நேரலாம்; அதிலும் வக்கீல் கட்டணத்துக்கு 750 டாலர்தான் உச்சவரம்பு. கம்பெனிக்கு அது காப்பிச் செலவு.

கெடு மட்டும் கறார். வக்கீல் அலுவலகத்தின் கவனக்குறைவால் மனு தாமதமானது விலக்குக்குப் போதாது என்று 1997-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எங்கள் விசாரணைத் தேதி மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. மதுரைக்காரர் இப்போதும் என் காரில்தான் வருகிறார். வக்கீல்கள் சொன்னபடி வழக்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. சீட் பெல்ட்டை இடது கையால் எட்டி இழுக்கிறார்; நான் பார்க்காததுபோல் கண்ணாடியைச் சரிசெய்கிறேன்.